வேலி போட்டது சட்டம்; வாடிக்கை வந்ததா?

உடம்பு பிடித்துவிடும் பார்வையற்றவர்கள் - 3 நாடுகளின் அனுபவம்

உடம்பு பிடித்துவிடுவது ஒரு தொழில். "மசாஜ்" என்றால் எல்லோருக்கும் தெரியும். இதை யார் வேண்டுமானாலும் கற்கலாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

தென்கொரியாவில் அப்படி அல்ல. அங்கே கண் பார்வை இல்லாதவர்கள் மட்டுமே இந்தத் தொழிலுக்கு லைசென்சு பெற முடியும். லைசென்சு இல்லாமல் கண் தெரிந்தவர் செய்தால் அது குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்!

"இது என்ன நியாயம்? எங்களுக்கும் தொழில் செய்யும் உரிமை இல்லையா?" என்கிறது ஒரு கட்சி. "எங்களுக்கு இருப்பது இந்த ஒரு தொழில். இதையும் பிடுங்கிக்கொண்டால் எங்கே போவோம்?" என்கிறது மறு கட்சி.

இதே வழக்கு தைவானிலும் நடந்தது. ஜப்பானிலும் நடந்தது. மூன்று நாடுகளிலும் உச்சியில் இருக்கும் கோர்ட்டு வரை போயிற்று. ஆனால் தீர்ப்பு ஒரே மாதிரி வரவில்லை.

தீர்ப்பு எப்படி இருந்தாலும், மறுநாள் காலையில் கடையைத் திறந்து உட்காருகிறவருக்கு ஒரே ஒரு கவலைதான். "இன்று எத்தனை பேர் வருவார்கள்?"

சின்ன மசாஜ் கடை நிலைப்பதும் மூடப்படுவதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கண் கேட்ட வைத்தியர்

பார்வையற்றவர்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு எப்படி வந்தது?

ஜப்பானில் இது பழைய உறவு. அந்த நாட்டில் உடம்பு பிடித்துவிடும் கலைக்கு "அன்மா" என்று பெயர். கண் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வந்தார்கள்.

அவர்களில் புகழ் பெற்றவர் சுகியாமா வைச்சி. 1610-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தார். ஊசி குத்தி நோய் தீர்க்கும் வைத்தியம் கற்கப் போனார். கை பழகவில்லை. "உனக்கு இது வராது" என்று ஆசிரியர் அனுப்பிவிட்டாராம்.

சுகியாமா சோர்ந்துவிடவில்லை. ஒரு சின்னக் குழாய்க்குள் ஊசியை விட்டு, குழாயை உடம்பின் மேல் வைத்துத் தட்டும் முறையைப் பரப்பினார். கண் இல்லாமலே சரியான இடத்தில் ஊசியை இறக்க முடிந்தது. அந்தக் குழாய் இன்று கண் தெரிந்த வைத்தியர்களின் கையிலும் இருக்கிறது!

ஜப்பானை அப்போது ஆண்டவர் தோக்குகாவா சுனயோஷி. அவருக்கு சுகியாமா வைத்தியம் செய்தார். "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆட்சித் தலைவர் கேட்டாராம். "ஒரு கண் வேண்டும்" என்றாராம் சுகியாமா. கண்ணைக் கொடுக்க யாரால் முடியும்? "ஒரு கண்" என்று பொருள் தரும் பெயருள்ள இடத்தில் அவருக்கு நிலம் கொடுத்தாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது.

கதை ஒருபுறம் இருக்கட்டும். சுகியாமா செய்த பெரிய காரியம் பள்ளிக்கூடம் வைத்ததுதான். பார்வையற்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்துவிடும் கலையும் அங்கே முறையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டன. கையேந்தி நின்றிருக்க வேண்டியவர்கள் கைத்தொழிலாளி ஆனார்கள். 1694-ல் சுகியாமா இறந்தார்.

பிறகு கொரியாவும் தைவானும் ஜப்பானின் ஆட்சிக்குள் வந்தன. 1945 வரை அந்த ஆட்சி நீடித்தது. அந்தக் காலத்தில் இந்த வழக்கம் அங்கேயும் வேர் விட்டது. மூன்று நாடுகளும் ஒரே பிரச்சினையில் சிக்கியதற்கு இதுவே காரணம்.

ஆற்றில் குதித்தார்கள்!

முதலில் கொரியாவைப் பார்ப்போம்.

2006-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி. தென்கொரியாவின் அரசியல் சட்டக் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. பார்வையற்றவர்களுக்கு மட்டும் இந்தத் தொழிலை ஒதுக்கும் சர்க்கார் விதி செல்லாது என்றது. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது அதன் கருத்து.

பார்வையற்றவர்கள் கொதித்து எழுந்தார்கள். தலைநகர் சியோலில் ஹான் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் மேல் மாப்போ பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தில் ஏறிப் போராடினார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். மீட்புப் படையினர் அவர்களைத் தூக்கினார்கள். அந்தப் போராட்ட நாட்களில் உயிர் நீத்தவரும் உண்டு.

பார்லிமெண்டு உடனே விழித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வைத்தியச் சட்டத்தைத் திருத்தியது. முன்பு விதியாக இருந்தது, இப்போது சட்டமாகவே ஆயிற்று.

கண் தெரிந்த மசாஜ் தொழிலாளர்கள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. இந்தத் தடவை சட்டம் செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பார்வையற்றவர்களுக்கு வேறு தொழில் கிடைப்பது அரிது. அவர்களுடைய பிழைப்பைக் காப்பது சர்க்காரின் கடமை. இதுதான் கோர்ட்டு சொன்ன காரணம். அதன் பிறகு வந்த வழக்குகளிலும் அந்தக் கோர்ட்டு இதே நிலையில் நின்றது.

பார்வையற்றவர்களுக்கு வெற்றி. சந்தேகம் இல்லை. ஆனால் சியோல் நகர வீதிகளில் நடந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். விளையாட்டு மசாஜ், தாய்லாந்து மசாஜ் என்று பல பெயர்களில் கடைகள் இருக்கின்றன. வேலை செய்கிறவர்களுக்குக் கண் தெரிகிறது. சட்டப்படி தவறு. ஆனாலும் கடைகள் திறந்திருக்கின்றன. வாடிக்கைக்காரர்களும் போகிறார்கள்.

வேலி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த நாளே வந்த தீர்ப்பு

தைவானில் என்ன நடந்தது?

அங்கே 1980-ல் ஊனமுற்றோர் நலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி மசாஜ் தொழில் பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் செய்தால் அபராதம்.

கொரியாவில் தீர்ப்பு வந்தது 2008 அக்டோபர் 30. தைவானில் தீர்ப்பு வந்தது 2008 அக்டோபர் 31. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனால் தீர்ப்போ நேர் எதிர்!

தைவான் நீதிபதிகள் ஒதுக்கீடு செல்லாது என்றார்கள். சர்க்காருக்கு 3 ஆண்டு தவணை கொடுத்தார்கள். 2011 அக்டோபருக்குள் தொழிலை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று சிந்திக்கத் தக்கது. பார்வையற்றவர்களைக் காக்கும் நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்தச் சட்டம் இருந்தும் அவர்களுடைய பொருளாதார நிலை குறிப்பிடும்படி உயரவில்லை. ஆகவே மற்றவர்களைத் தடுப்பதை விட்டு, பார்வையற்றவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டுதலும் வேலைக்கு உதவியும் கொடுங்கள். இதுதான் தீர்ப்பின் சாரம்.

பார்வையற்றவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. கண் தெரிந்தவர்கள் பெரிய மூலதனம் போட்டு, விளக்கு அலங்காரத்தோடு கடை வைப்பார்கள். அவர்களோடு போட்டி போடுவது எப்படி?

தைவான் சர்க்கார் அவர்களை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. வேறு ஒரு வழியைப் பிடித்தது. தொழிலைத் திறந்துவிட்டது; ஆனால் இடத்தை ஒதுக்கியது!

ஆஸ்பத்திரி, ரெயில் நிலையம், விமான நிலையம், பூங்கா, சர்க்கார் அலுவலகம் ஆகிய இடங்களில் மசாஜுக்கு இடம் கொடுத்தால், அது பார்வையற்றவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். சலுகையும் காட்ட வேண்டும். தைவான் சட்டம் இப்படிச் சொல்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரெயில் நிலையத்தில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். அவர்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். நோட்டீசு அச்சடிக்க வேண்டாம். ரெயிலுக்கு நேரம் இருக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தையும் தோளையும் பிடித்துவிடச் சொல்வார். சுகமாக இருந்தால் அடுத்த வாரமும் வருவார்.

கடைக்கு இடம் அமைந்தால் பாதி விளம்பரம் முடிந்த மாதிரிதான்.

ஜப்பானில் ஒரு விசித்திரம்

இனி, கலை வளர்ந்த ஜப்பானுக்கே திரும்புவோம்.

ஜப்பானில் இந்தத் தொழில் முழுவதும் பார்வையற்றவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை. கண் தெரிந்தவரும் லைசென்சு வாங்கலாம். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த பிறகு 3 ஆண்டு பயிற்சி. அதன் மேல் ஒரு தேசியப் பரீட்சை. தேறியவருக்கே லைசென்சு.

ஆனால் 1964-ல் ஒரு திருத்தம் வந்தது. கண் தெரிந்தவர்களுக்காகப் புதிதாகப் பயிற்சிப் பள்ளி தொடங்க யாராவது அனுமதி கேட்டால், மந்திரி மறுக்கலாம். பார்வையற்றவர்களின் பிழைப்பு கெடும் என்று தோன்றினால் போதும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அனுமதி மறுக்கப்பட்ட ஒரு கல்வி நிறுவனம் வழக்குப் போட்டது. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 1964-ன் திருத்தம் செல்லும் என்றது.

இங்கேயும் பார்வையற்றவர்களுக்கு வெற்றிதான். ஆனால் கணக்கைப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. 1960-களின் தொடக்கத்தில், லைசென்சு உள்ள தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்வையற்றவர்கள். இன்று அவர்கள் கால் பங்குக்கும் குறைவு.

இதைவிடப் பெரிய தலைவலி லைசென்சே இல்லாத கடைகள். 1960-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சட்டம் அனுமதிக்காத சிகிச்சை முறையாக இருந்தாலும், அது உடல் நலத்துக்குக் கெடுதல் செய்யக் கூடியதாக இருந்தால்தான் தண்டிக்கலாம் என்றது. இந்தத் தீர்ப்பு பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது. "நாங்கள் மசாஜ் செய்யவில்லை. உடம்பைத் தளர்த்திவிடுகிறோம்", "உடம்பை நேராக்குகிறோம்" என்று வேறு பெயர் வைத்துக் கடை போடுகிறார்கள். அவர்களுக்கு 3 ஆண்டு படிப்பும் இல்லை; பரீட்சையும் இல்லை.

இனிமேல்தான் விசித்திரம்!

லைசென்சு உள்ளவர் தம் கடையைப் பற்றி எப்படி விளம்பரம் செய்யலாம் என்று ஜப்பான் சட்டம் விதி வகுத்திருக்கிறது. தம் பெயர், முகவரி, கடையின் பெயர், இருக்கும் இடம், டெலிபோன் நம்பர், எந்த வகைத் தொழில், எந்த நாள், எந்த நேரம். அநேகமாக இவ்வளவுதான். "நான் கைதேர்ந்தவன்" என்று சொல்லக் கூடாது. "இன்ன முறையில் பிடித்துவிடுவேன்" என்று சொல்லக் கூடாது. "20 ஆண்டு அனுபவம்" என்றும் போடக் கூடாது.

மக்களை ஏமாற்றும் விளம்பரத்தைத் தடுக்க வந்த விதி இது. நல்ல விதிதான். ஆனால் லைசென்சு வாங்காமல் வேறு பெயரில் கடை வைத்தவர் இந்த விதியில் சிக்குவது இல்லை. அவர் பெரிய போர்டு வைக்கிறார். படம் போடுகிறார். முதல் தடவைக்குத் தள்ளுபடி என்கிறார். முறையாகப் படித்தவர் வாய் திறக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

ஆறு பேர் கணக்கு

இந்தத் தொழிலின் கணக்கு மளிகைக் கடைக் கணக்கு அல்ல. இது நேரத்தை விற்கும் தொழில்.

மளிகைக் கடையில் இன்று விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். மசாஜ்காரருக்கு இன்று மூன்று மணிக்கு ஆள் வராவிட்டால், அந்த மூன்று மணி போனது போனதுதான். அதை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். தனியாகக் கடை நடத்துகிற ஒருவர் ஒரு நாளில் 6 பேருக்குத்தான் பிடித்துவிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கை தாங்காது. வாரத்தில் 6 நாள் வேலை. அப்படியானால் வாரத்துக்கு 36 பேர். அதுதான் எல்லை.

இதில் 12 பேர் கொடுக்கும் கூலி வாடகைக்கும் மின்சாரத்துக்கும் துணி வெளுப்பதற்கும் போய்விடுகிறது என்று வைப்போம். வாரத்துக்கு 18 பேர் வந்தால், மிச்சம் 6 பேரின் கூலி. அதுதான் குடும்பத்தின் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

18 பேர் 24 பேர் ஆனால்? மிச்சம் 12 பேரின் கூலி. வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் கூடினார்கள். குடும்பத்தின் வருமானமோ இரண்டு மடங்கு ஆகிவிட்டது!

18 பேர் 12 பேராகக் குறைந்தால்? வீட்டுக்கு ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒருவர் வீதம் குறைந்தாலே இந்தக் கதி. பக்கத்துத் தெருவில் புதுக் கடை வந்தால் பார்வையற்றவர் பதறுவதற்குக் காரணம் இதுதான்.

2020-ல் கொரோனா வந்தபோது, உலகம் முழுவதும் மனிதரைத் தொட்டுச் செய்யும் தொழில்கள் அடிபட்டன. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி இவர்களுக்கு இல்லை.

வந்தவரே மறுபடி வர வேண்டும்

24 பேர் வேண்டும் என்றால் எங்கே பிடிப்பது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். புது ஆள் தேடி அலைகிறார்கள். கூலியைப் பாதியாகக் குறைக்கிறார்கள். பாதிக் கூலிக்கு அதே வருமானம் வர, இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கட்டை விரலும் மணிக்கட்டும். கை போனால் முதலே போயிற்று.

கணக்கு வேறு வழியைக் காட்டுகிறது. வாரத்துக்கு 24 பேர் என்றால் நான்கு வாரத்துக்கு 96 பேர். ஒருவரே மாதம் இரண்டு தடவை வந்தால், 48 பேர் போதும். எல்லோரும் ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் வந்தால், ஆண்டில் ஆயிரத்துக்கும் அதிகமான புது ஆட்களைத் தேட வேண்டும். எது சுலபம்?

ஆகவே, சின்னக் கடை பிழைப்பதற்கு ஊர் முழுவதும் தெரிந்த பெயர் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் 50 குடும்பம் போதும்.

வந்தவர் மறுபடியும் ஏன் வருகிறார்? கைப்பக்குவம் முதல் காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. போன தடவை வலது தோளில் வலி என்று சொன்னார். இந்தத் தடவை அவர் வாய் திறக்கும் முன்பே "வலது தோள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மனம் குளிர்ந்துவிடும். பார்வையற்றவர்கள் புள்ளி எழுத்திலோ செல்போனில் குரலாகவோ இதைக் குறித்துவைக்கலாம்.

விரித்த துணி சுத்தமாக இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும். சொன்ன கூலியையே வாங்க வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கு ஒரு கூலி போகும். ஆனால் "இவர் காசுக்காகச் செய்கிறவர் அல்ல" என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் நிற்கும்.

கிளம்பும்போது, "இரண்டு வாரம் கழித்து இதே கிழமை வருகிறீர்களா?" என்று கேட்டு நேரம் குறித்துக்கொள்வது இன்னொரு பழக்கம். செலவே இல்லாத விளம்பரம் அது.

பெயரைக் காப்பது எப்படி?

இந்தத் தொழிலுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மசாஜ் என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே விபசாரம் நடத்துகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். போலீசார் அவ்வப்போது பிடிக்கிறார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் நேர்மையான தொழிலாளி தலை குனிய வேண்டியிருக்கிறது. குடும்பப் பெண்கள் வரத் தயங்குகிறார்கள்.

இதற்கு மருந்து என்ன? திறந்த இடம்! ரெயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நாலு பேர் நடமாடும் இடத்தில் நாற்காலி போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. தனிக் கடையாக இருந்தால், லைசென்சைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டலாம். கூலி விவரத்தை வாசலிலேயே எழுதி வைக்கலாம். பெண்களுக்குப் பெண்ணே பிடித்துவிட ஏற்பாடு செய்யலாம்.

கம்பெனிக்குள்ளே ஒரு மசாஜ் அறை

கடை வைத்து ஆளுக்குக் காத்திருப்பது ஒரு வழி. ஆள் இருக்கும் இடத்துக்குத் தொழிலே போவது இன்னொரு வழி.

ஜப்பானில் சில கம்பெனிகள் பார்வையற்ற மசாஜ்காரரை மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. நாள் முழுவதும் குனிந்து வேலை பார்க்கும் சிப்பந்திகளுக்குக் கழுத்து வலி, முதுகு வலி. அவர்கள் முறை வைத்து வந்து பிடித்துவிடச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு "ஹெல்த் கீப்பர்" என்று பெயர்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? ஊனமுற்றவர்களைக் குறிப்பிட்ட அளவு வேலைக்கு வைக்க வேண்டும் என்று ஜப்பானில் சட்டம் இருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கு அந்த அளவு 2024 ஏப்ரல் மாதம் 2.5 சதவீதமாக உயர்ந்தது. மசாஜ்காரரை நியமித்தால் சட்டமும் நிறைவேறும், சிப்பந்திகளின் முதுகு வலியும் குறையும். தொழிலாளிக்கோ வாடகைக் கவலை இல்லை. ஆள் வருவாரா என்ற கவலையும் இல்லை.

ஜப்பானில் வீட்டுக்கே போய்ப் பிடித்துவிடும் முறையும் உண்டு. பக்கவாதத்தால் படுத்தவர்கள், மூட்டு மடங்கிப் போனவர்கள் கடைக்கு வர முடியாது. டாக்டர் சம்மதம் எழுதிக் கொடுத்தால், இந்த மசாஜுக்கு உடல்நல இன்சூரன்சு பணம் கிடைக்கிறது.

கொரியாவில் சர்க்காரே முன்வந்தது. முதியவர்கள் கூடும் மனைகளுக்குப் பார்வையற்ற மசாஜ்காரர்களைச் சர்க்கார் செலவில் அனுப்புகிறார்கள். உடம்பு வலியுள்ள முதியவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, குறைந்த கூலியில் மசாஜ் கிடைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. மூன்று நாடுகளிலும் முதியவர்கள் தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே இந்த வகை வேலை இனி வளரவே செய்யும்.

இரண்டாவது கை எப்போது?

நேரம் எல்லாம் நிரம்பிவிட்டது. இன்னும் ஆட்கள் கேட்கிறார்கள். அப்போதுதான் இரண்டாவது ஆளை வேலைக்கு வைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே வைத்தால் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் மட்டும் நடக்கும்.

இன்னொரு பிரச்சினை செல்போன். இன்றைக்கு மக்கள் கடையைத் தேடுவதே செல்போனில்தான். படத்தைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் கொடுத்த நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள். விரல் தட்டி நேரம் குறிக்கிறார்கள். இந்த வித்தையில் பெரிய கம்பெனிக் கடைகள் முன்னே நிற்கின்றன.

பார்வையற்றவர்களுக்கும் இதில் துணை உண்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் செல்போன் வந்துவிட்டது. யார் எப்போது வருகிறார் என்பதை அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடையின் இடத்தையும் நேரத்தையும் சரியாகப் பதிந்து வைக்கலாம். தனி ஒருவருக்குக் கடினமானால், பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கமாக ஒரே டெலிபோன் நம்பரில் ஆள் அனுப்பலாம். ஒருவருக்கு நேரம் இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போகும்.

எது சரி?

கொரியா தொழிலை ஒதுக்கியது. தைவான் இடத்தை ஒதுக்கியது. ஜப்பான் புதுப் பள்ளிகளைத் தடுத்தது. இவற்றில் எது சரி?

ஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கணக்குத் தொழில், கடைத் தொழில், வண்டித் தொழில் என்று கண் தெரிந்தவருக்கு எத்தனையோ கதவு திறந்திருக்கிறது. பார்வையற்றவருக்கு ஒன்றிரண்டுதான். மாப்போ பாலத்திலிருந்து குதித்தவர்கள் வேடிக்கைக்காகக் குதிக்கவில்லை. வேறு வேலைக்கு வழி காட்டாமல் வேலியை மட்டும் பிடுங்கினால் குடும்பங்கள் தெருவுக்கு வரும்.

அதே சமயம், வேலி ஒன்றே போதும் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மூன்று நாடுகளும் காட்டிவிட்டன. வேலிக்கு வெளியே வேறு பெயரில் கடைகள் முளைக்கின்றன. பார்வையற்ற இளைஞர்களும் காலம் முழுவதும் இந்த ஒரு தொழிலோடு கட்டுண்டு கிடக்க விரும்புவது இல்லை. படித்து வேறு உத்தியோகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் உண்டு. அந்த வழியையும் திறந்துவிட வேண்டும்.

சர்க்கார் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. ஆள் நடமாடும் இடத்தில் குறைந்த வாடகைக்கு இடம் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை கொடுக்கலாம். முறையாகப் படித்தவர் தம் லைசென்சையும் படிப்பையும் உண்மையாக எடுத்துச் சொல்ல அனுமதிக்கலாம். லைசென்சு இல்லாதவர் பொய் விளம்பரம் செய்தால் பிடிக்கலாம். கைத்தொழிலோடு கடை நடத்தும் கணக்கையும் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

தொழிலாளி செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. "பாவம், கண் தெரியாதவர்" என்று இரக்கப்பட்டு ஒருவர் ஒரு தடவை வரலாம். இரண்டாவது தடவை வருகிறவர் தம் தோள் வலி குறைந்ததால்தான் வருவார். இரக்கப்பட்டு வந்தவரை வாடிக்கைக்காரராக மாற்றுவது கையின் திறமை. சுகியாமா வைச்சி 300 ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.